ஒரு பள்ளத்தாக்கு போதும்: லேக் டிஸ்ட்ரிக்டில் நடக்கப் போகிறவர்களின் கேள்விகள்

சென்ற இதழில், இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் லண்டனையே சுற்றிக்கொண்டிருக்காமல் வடமேற்கு மூலையில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்டுக்குப் போய் நாலு நாள் நடந்துவிட்டு வாருங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த இதழின் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. விசா, விமான டிக்கெட் பற்றிய கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன். இங்கே நடை மட்டும்.

கேள்வி: மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. நான், மனைவி, 9 வயது மகன். விண்டர்மியர், கோனிஸ்டன், அல்ஸ்வாட்டர், கெஸ்விக், ஸ்கேஃபெல் பைக் எல்லாவற்றையும் கவர் பண்ண வேண்டும். எந்த வரிசையில் போகலாம்? (மான்செஸ்டர் வாசகர்)

எந்த வரிசையிலும் போகாதீர்கள். கும்பகோணத்தில் வேன் பிடித்து நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கிற மாதிரி இதை முடிக்கப் பார்த்தால் மூன்று நாளும் காருக்குள்ளேதான் கழியும். தேசியப் பூங்காவின் பரப்பு 2,362 சதுர கிலோமீட்டர், மேப்பில் பார்த்தால் கையகலம்தான். ஆனால் பனியாறுகள் அரித்து உண்டாக்கிய நிலம் அது. நடுவில் மலைத்திரள், அதிலிருந்து எல்லாப் பக்கமும் பிரிந்து போகும் பள்ளத்தாக்குகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்றோ இரண்டோ ஏரிகள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே போக நல்ல சாலை பெரும்பாலும் கிடையாது, சுற்றித்தான் போக வேண்டும். கெஸ்விக்கிலிருந்து ஸ்கேஃபெல் பைக் ஏறுகிற வாஸ்டேல் ஹெட் வரை நேர்கோட்டில் அளந்தால் 20 கிலோமீட்டர்கூட வராது, காரில் போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. வங்கி விடுமுறை நாள் என்றால் காலை பத்து மணிக்குள் பார்க்கிங் நிரம்பிவிடும், அப்புறம் ஏரியைப் பார்ப்பதற்கு முன்னால் முன்வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் ஒரே ஒரு பள்ளத்தாக்கு. உங்களுக்கு நான் சொல்வது கெஸ்விக். ஊரை விட்டு நடந்தே டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். அங்கே சின்ன லாஞ்ச்கள் ஏரியைச் சுற்றி இரண்டு திசையிலும் ஓடுகின்றன, வழியில் பல துறைகள். அதில் ஏறி ஹாஸ் எண்ட் துறையில் இறங்கினால் கேட்பெல்ஸ் மலையின் அடிவாரம். உயரம் 451 மீட்டர்தான், ஏரியே கடல் மட்டத்துக்கு 75 மீட்டர் மேலே இருப்பதால் நீங்கள் ஏற வேண்டியது அதைவிடவும் குறைவு. இரண்டு இடத்தில் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டியிருக்கும், லட்சக்கணக்கான கால்கள் பட்டுப் பட்டு அந்தப் பாறை வழுவழுவென்று ஆகியிருக்கிறது, மழை பெய்திருந்தால் பையனை உங்களுக்கு முன்னால் ஏற விட்டு நீங்கள் பின்னால் போங்கள். ஒன்பது வயசுப் பையனுக்கு அந்த இரண்டு இடம்தான் பிடிக்கும். உச்சியில் ஒரு பக்கம் முழு ஏரியும் தீவுகளோடு தெரியும், மறுபக்கம் நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கு. வந்த வழியே இறங்காமல் முகட்டிலேயே தெற்கே போய், கீழே பிராண்டல்ஹவ் காட்டு வழியாகக் கரைக்கு வந்து அங்குள்ள துறையில் லாஞ்ச் பிடித்துத் திரும்பலாம். அழகான நிலங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கிப் பாதுகாப்பதற்காக 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, லேக் டிஸ்ட்ரிக்டில் முதன்முதலாக 1902-இல் மக்களிடம் காசு திரட்டி வாங்கிய இடம் அந்தக் காடுதான். அதை வாங்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு அந்தக் கரை முழுக்க பங்களாக்கள் நின்றிருக்கும்.

இரண்டாம் நாள் ஏரியை முழுக்கச் சுற்றுங்கள், 16 கிலோமீட்டர், கால் வலித்தால் எந்தத் துறையிலாவது லாஞ்சில் ஏறிவிடலாம். மூன்றாம் நாளை வானிலை பார்த்து முடிவு செய்யுங்கள். விண்டர்மியர், பவுனஸ் பக்கம் இந்தத் தடவை வேண்டாம். இங்கிலாந்தின் பெரிய ஏரி என்ற பெயருக்காக எல்லாரும் அங்கேதான் இறங்குகிறார்கள், ஐஸ்கிரீம் கடை வரிசைக்கும் கார் வரிசைக்கும் நடுவில் ஏரியைத் தேட வேண்டியிருக்கிறது.

கூடவே ஒன்று. மான்செஸ்டர் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, கெஸ்விக்குக்குத் தெற்கே உள்ள தெர்ல்மியர் ஏரியிலிருந்து 1894 முதல் 150 கிலோமீட்டருக்கு மேல் பம்ப்பே இல்லாமல் சரிவிலேயே ஓடி வருகிறது. பையனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மே மாதம் மகள் வீட்டுக்குப் போகிறோம். எனக்கு 64, அவருக்கு 70. எனக்கு முழங்கால் வலி உண்டு, தினமும் மாட்டுத்தாவணி பக்கம் காலையில் அரை மணி நேரம் நடப்பேன், அவ்வளவுதான். மலை எல்லாம் எங்களுக்கு ஒத்து வருமா? புடவையில் நடக்கலாமா? (மதுரை வாசகி)

தினமும் அரை மணி நேரம் நடக்கிறீர்கள் அல்லவா, அது போதும். மலை ஏறினால்தான் மலை தெரியும் என்று யார் சொன்னது? அங்கே ஏரிக்கரையில் நின்றாலே சுற்றி நாலு பக்கமும் மலைதான்.

முதல் நாள் ஃபிரையர்ஸ் க்ராக். கெஸ்விக் படகுத்துறையிலிருந்து பத்து, பதினைந்து நிமிடம், பாதை சமதளம், முனையில் உட்கார பெஞ்ச் உண்டு. ஆங்கில எழுத்தாளர், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் தன் சிறுவயது நினைவாகச் சொன்ன இடம் அது, அவருக்கு அங்கே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. சாயங்காலம் போங்கள். மே கடைசியில் இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே கிளம்பலாம்.

அடுத்து, கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட் கிராமம் வரை பழைய ரயில் பாதை. 1972-இல் ரயில் நின்றுபோனது, தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதை ஆக்கினார்கள், 2015 வெள்ளத்தில் பாலங்கள் அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டி 2020 டிசம்பரில் திறந்தார்கள். சுமார் 5 கிலோமீட்டர், வழவழப்பான தளம், ரயில் பாதை என்பதால் ஏற்றம் தெரியவே தெரியாது, கிரேட்டா ஆற்றை மாறி மாறிக் கடந்து போகும். போகும்போது நடந்து, வரும்போது பஸ்ஸில் வாருங்கள். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி எல்லாம் போகக்கூடிய இப்படிப்பட்ட வழிகளைப் பொறுக்கி எடுத்து, 'மைல்ஸ் வித்அவுட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் தேசியப் பூங்காக்காரர்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், மகளிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

கார் இருந்தால் கோனிஸ்டன் பக்கம் டார்ன் ஹவ்ஸ். ஒரு சுற்று 3 கிலோமீட்டருக்குள், பாதை அகலம். பார்க்க அவ்வளவு இயற்கையாக இருக்கிற அந்த ஏரி, 19ஆம் நூற்றாண்டில் ஒரு நிலக்கிழார் மூன்று குட்டைகளை அணை கட்டி ஒன்றாக்கியது. குழந்தைகளுக்கு முயல் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் அந்த ஏரி அடங்கிய எஸ்டேட்டை 1930-இல் வாங்கி, டார்ன் ஹவ்ஸ் இருக்கிற பாதியை நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார். 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் 14 பண்ணைகளையும் அவர்களுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். கதை எழுதிச் சம்பாதித்த காசை நிலமாகப் போட்டு, அதையும் ஊருக்கே விட்டுப்போன பெண்மணி.

மலை உச்சியில் நிற்கவும் ஆசை இருந்தால் லாட்ரிக். 368 மீட்டர். ஊரிலிருந்து ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் பின்பக்கம் கேல் ரோட்டில் கார் நிறுத்துமிடம் வரை போய்விட்டால் அங்கிருந்து முழங்காலுக்கு வலிக்காத அளவுக்குச் சாய்வாகப் பாதை போட்டிருக்கிறார்கள். மெதுவாகப் போனால் அரை மணி நேரம்.

புடவை விஷயம். ஃபிரையர்ஸ் க்ராக்கிலும் ரயில் பாதையிலும் தாராளமாகப் புடவையில் நடக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்ற இடங்களில் காற்றும் சேறும் சேர்ந்து முந்தானையையும் கொசுவத்தையும் ஒருவழி பண்ணிவிடும், சுடிதார் நல்லது. எதுவானாலும் செருப்பு வேண்டாம், அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ.

கேள்வி: இங்கிலாந்தின் மிக உயரமான மலையே 978 மீட்டர் என்று படித்தேன். நமக்குத் தொட்டபெட்டா 2,637 மீட்டர். வால்பாறை பக்கத்தில் இருக்கிறது. இதற்காகவா லட்சக்கணக்கில் செலவு செய்துகொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டும்? (கோவை வாசகர்)

வேண்டாம். மலையைப் பார்க்க மட்டும் என்றால் போக வேண்டாம், உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அவசியமில்லை. வேறு காரியமாகப் போகிறவர்கள் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஆனால் உயரத்தை வைத்து ஒப்பிட்டால் ஒரு விஷயம் விட்டுப்போகும். தொட்டபெட்டா உச்சி வரை காரிலேயே போய்விடுகிறோம், இறங்கி ஒரு போட்டோ, ஒரு மிளகாய் பஜ்ஜி. ஊட்டியே 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்டிலோ வாஸ்ட்வாட்டர் ஏரி கடல் மட்டத்திலிருந்து 61 மீட்டரில் கிடக்கிறது, அதன் தலைமாட்டிலிருந்துதான் நீங்கள் சொன்ன 978 மீட்டர் மலையான ஸ்கேஃபெல் பைக்குக்கு ஏறுகிறோம், அதாவது 900 மீட்டரும் சொந்தக் காலில்.

இன்னொன்று, அனுமதி. நம் மலைகளில் பாதிக்கு மேல் வனத்துறைக் காடு, கேட்காமல் நுழைய முடியாது, நுழையவும் கூடாது, யானையும் காட்டெருமையும் உள்ள இடம். அங்கே வேலிக்குள் தனியார் பண்ணையாக இருந்தாலும் பொதுப் பாதை என்று பலகை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, உயரமான திறந்தவெளி மலைகளில் பாதையை விட்டு விலகியும் நடக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, திறந்த கேட்டை மறக்காமல் மூடுவது. நடப்பவர்களுக்கு ஆபத்தான மிருகம் என்று அங்கே சொல்ல வேண்டுமானால், சிரிக்காதீர்கள், மாடுதான். கன்று போட்ட மாடு மேய்கிற வயலில் நடுவில் புகாமல் ஓரமாகப் போங்கள், நாய் கூட இருந்தால் இன்னும் கவனம்.

அந்த மலைகள் மொட்டையாக இருப்பது எனக்கே ஆரம்பத்தில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சோலைக்காடு பார்த்துப் பழகிய கண். நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்து உண்டான மொட்டை அது, மரமே வளர விடாமல் ஆடுகள் தின்றுவிட்டன என்று சூழலியலாளர்கள் சிலர் குறை சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஹெர்ட்விக் என்ற அந்தச் சாம்பல் நிற ஆடுகளுக்கு மலைமேல் வேலி கிடையாது. தாய் மேய்ந்த எல்லைக்குள்ளேயே குட்டியும் பழகி, தலைமுறை தலைமுறையாக அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இயற்கைக் காடு என்பதற்காக இல்லை, இந்த மேய்ச்சலும் கல்சுவர்களும் சேர்ந்த பண்பாட்டு நிலம் என்றுதான்.

கேள்வி: எங்களிட்டை கார் இல்லை. ரெயினிலயும் பஸ்ஸிலயும் மட்டும் போய் நடக்கக்கூடிய மாதிரி இடம் சொல்லுங்கோ. பிள்ளைகளுக்கு 7 வயதும் 11 வயதும். (லண்டன் வாசகி)

கார் இல்லாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். இந்த மலைகளில் 214-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் கையால் வரைந்து வழிகாட்டி எழுதிய ஆல்ஃபிரட் வெய்ன்ரைட்டுக்கே கார் ஓட்டத் தெரியாது. கெண்டல் நகராட்சியில் கணக்குப் பார்க்கிற அதிகாரி, வார இறுதியில் பஸ் பிடித்துப் போய் மலையேறி, கடைசி பஸ்ஸில் வீடு திரும்புவார்.

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பென்ரித் ஏறத்தாழ 3 மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலேயே எக்ஸ்4, எக்ஸ்5 பஸ், முக்கால் மணி நேரத்தில் கெஸ்விக். இல்லையென்றால் ஆக்ஸன்ஹோமில் மாறி விண்டர்மியர் ஸ்டேஷன், அங்கிருந்து 555. அந்த 555 பஸ் ஆம்பிள்சைட், ரைடல், கிராஸ்மியர், தெர்ல்மியர் வழியாகக் கெஸ்விக் போகும், மாடியில் முன் சீட் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலாதான், பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

பிள்ளைகளுக்கு என்று நான் பொறுக்கியது காஸில் க்ராக். கெஸ்விக்கிலிருந்து போரோடேல் பள்ளத்தாக்குக்குப் போகும் 78 பஸ்ஸில் ரோஸ்த்வெய்ட்டில் இறங்கி, ஆற்றைக் கடந்து காட்டுக்குள் ஏறினால் 290 மீட்டரில் உச்சி. வெய்ன்ரைட் பட்டியலில் ஆயிரம் அடிக்குக் குறைவாக உள்ள மலை இது ஒன்றுதான். ஒரு காலத்தில் ஸ்லேட் கல் வெட்டிய குவாரி, உடைந்த கற்களை வருகிறவர்கள் எல்லாம் ஈட்டி மாதிரி நட்டு வைத்திருப்பார்கள். மலையின் சரிவில் ஒரு குகை. லண்டனில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு வந்த மில்லிகன் டால்டன் என்பவர் வருஷா வருஷம் கோடையில் அந்தக் குகையிலேயே குடியிருந்தார், தனக்குத் தானே 'சாகசப் பேராசிரியர்' என்று பட்டம் வைத்துக்கொண்டு. 1947-இல் இறந்தார். உங்கள் மூத்த பிள்ளைக்கு இந்தக் கதை பிடிக்கும், இளையது குகைக்குள் கத்தி எதிரொலி கேட்கும். அங்கிருந்து டெர்வென்ட் ஆற்றோரமாகவே கிரேஞ்ச் கிராமம் வரை இறங்கி வந்து, டீ குடித்துவிட்டு அதே 78-ஐப் பிடிக்கலாம்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கோடை அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வேறு வேறு. வாஸ்டேலுக்கு வழக்கமான பஸ் இல்லை, அதை மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஜூலையில் போகிறோம். மழை இருக்குமா? (சென்னை வாசகர்)

இருக்கும். எந்த மாதம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான். போரோடேல் பள்ளத்தாக்கின் கோடியில் சீத்வெய்ட் என்று நாலைந்து வீடுள்ள ஊர், இங்கிலாந்தில் மனிதர் வசிக்கும் இடங்களில் மிக அதிக மழை அங்கேதான், வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும், சென்னைக்குப் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 2015 டிசம்பர் முதல் வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. அதே வாரம், டிசம்பர் 5-ஆம் தேதி, அதற்குப் பக்கத்து ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது, பிரிட்டனின் சாதனை அதுதான்.

ஆனால் நம் ஊர் மழை மாதிரி ஒரேயடியாக வந்து போகாது. தூறும், நிற்கும், வெயில் அடிக்கும், மறுபடி தூறும். நனைவதில் பிரச்சினை இல்லை, நனைந்த துணியோடு காற்றில் நிற்பதுதான் பிரச்சினை. ஜீன்ஸும் காட்டன் சட்டையும் வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காய்கிற சிந்தெடிக் பேண்ட், மேலே நல்ல மழைக்கோட்டு, பையில் இன்னொரு ஸ்வெட்டர். குடை எடுத்துப்போனால் முகட்டில் காற்றே அதைப் பறித்துக்கொள்ளும். தேதியை மாற்ற முடியும் என்றால் மே, ஜூனுக்கு மாற்றுங்கள். மழை கொஞ்சம் குறைவு, பள்ளிக் கோடை விடுமுறைக் கூட்டமும் வந்திருக்காது.

கேள்வி: ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர். கிறிஸ்துமஸ் லீவில் ஸ்கேஃபெல் பைக்கும், யூடியூபில் பார்த்த ஸ்ட்ரைடிங் எட்ஜும் போகத் திட்டம். ஒருவன் மட்டும் கர்நாடகத்தில் உள்ள குமாரபர்வதம் ஏறியிருக்கிறான். டிப்ஸ் தாருங்கள். (பர்மிங்காம் வாசகர்)

டிப்ஸ் ஒன்றுதான், போகாதீர்கள். ஜூனில் போங்கள்.

டிசம்பர் கடைசியில் மாலை நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. வாஸ்டேல் ஹெட்டிலிருந்து ஸ்கேஃபெல் பைக் போய்வர நன்றாக நடக்கிறவர்களுக்கே ஐந்து, ஆறு மணி நேரம். உச்சி முழுக்கப் பாறைக் குவியல், மேகம் இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது. இறங்கும்போது வழி தவறி பியர்ஸ் கில் என்ற பிளவுக்குள் மாட்டிக்கொள்கிறவர்கள் அடிக்கடி உண்டு. ஹெல்வெலின் என்ற மலைக்குப் போகும் ஸ்ட்ரைடிங் எட்ஜ் இரண்டு பக்கமும் சரிந்து விழும் கத்தி முனை முகடு. வெயில் காலத்தில் தலைசுற்றல் இல்லாதவர்களுக்கு அருமையான இடம், பனி உறைந்திருந்தால் பனிக்கோடரியும் பூட்ஸில் மாட்டுகிற கிராம்பானும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். 1805-இல் சார்ல்ஸ் காஃப் என்ற இளம் ஓவியர் அங்கிருந்து விழுந்து இறந்தார். மூன்று மாதம் கழித்து ஆட்கள் கண்டுபிடித்தபோது அவருடைய நாய் உடலின் பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. இதைப் பற்றிக் கவிதை எழுதியவர்கள் எல்லாரும் நாயைத்தான் பாடினார்கள்.

குளிர்காலத்தில் தேசியப் பூங்காவின் ஆள் ஒருவர் தினமும் ஹெல்வெலின் உச்சிக்கு ஏறி, பனி எவ்வளவு, காற்று எவ்வளவு என்று அளந்து 'வெதர்லைன்' அறிக்கையில் போடுகிறார். அதைப் படித்துப் பார்த்தீர்களென்றால் நான் சொல்வது புரியும். கிறிஸ்துமஸுக்கே போயாக வேண்டும் என்றால் ஆம்பிள்சைடில் தங்கி லாஃப்ரிக் ஏறுங்கள், 335 மீட்டர், ஆளுக்கொரு நெற்றி விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

எந்தப் பருவமானாலும் ஏதாவது ஆகிவிட்டால் 999, போலீஸ் என்று கேட்டு, அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு தடவை விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. வருகிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள். அதற்காகவே அவர்களைக் கூப்பிடுகிற நிலைக்குப் போகாமல் இருப்பது மரியாதை.

கேள்வி: 35 வருடம் பள்ளியில் ஆங்கிலப் பாடம் நடத்தினேன். வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக்களை நேரில் பார்க்க வேண்டும். எங்கே, எப்போது? (திருச்சி வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, அல்ஸ்வாட்டர் ஏரியின் மேற்குக் கரையில் கிளென்கோய்ன் விரிகுடா. 1802 ஏப்ரல் 15-ஆம் தேதி கவிஞரும் தங்கை டோரதியும் அந்தக் கரையில்தான் அவற்றைப் பார்த்தார்கள். தங்கை அன்றைய நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்தாள், அண்ணனுக்குக் கவிதை வர இரண்டு வருடம் ஆனது. நீங்கள் வகுப்பில் இதையும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை போங்கள். ரவுண்டானாக்களில் நட்டிருக்கும் பெரிய மஞ்சள் பூவைத் தேடாதீர்கள், காட்டு வகை சிறியது, வெளிறிய மஞ்சள்.

நடையாக உங்களுக்குச் சொல்ல வேண்டியது கிராஸ்மியரிலிருந்து ரைடல் போகும் சவப்பெட்டிப் பாதை. ரைடல் பக்கத்தில் அடக்கம் செய்ய இடமில்லாத காலத்தில் கிராஸ்மியர் தேவாலயத்துக்குப் பிணத்தைச் சுமந்து வந்த வழி, பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிய கல் இன்னும் இருக்கிறது. ஒரு முனையில் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை இருந்த டவ் காட்டேஜ், மறு முனையில் 1813 முதல் இறக்கும் வரை இருந்த ரைடல் மவுண்ட். சுமார் 3 கிலோமீட்டர், கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் கல். திரும்ப 555 பஸ். தேவாலயத்து முற்றத்தில் அவரும் தங்கையும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள். ஒரு வேடிக்கை: விண்டர்மியருக்கு ரயில் வரக் கூடாது, கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிடும் என்று 1844-இல் போராடியவர் அவர். 1847-இல் ரயில் வந்துவிட்டது. நீங்கள் அதில்தான் போய் இறங்கப் போகிறீர்கள்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? (சேலம் வாசகி)

கிடைக்கும், ஆனால் நாலாவது நாள் சீஸ் சாண்ட்விச் அலுத்துவிடும். சமையலறை உள்ள இடமாகப் பார்த்துத் தங்குங்கள். ஒய்.எச்.ஏ. (இளைஞர் விடுதிச் சங்கம்) விடுதிகள் பலவற்றில் தங்குகிறவர்களே சமைத்துக்கொள்ள இடம் உண்டு, வயது வரம்பு கிடையாது. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கையில் இருந்தால் மதியத்துக்கும் கட்டிக்கொண்டு போய்விடலாம். ஆம்பிள்சைடில் ஜெஃபிரெல்லிஸ் என்ற இடம் முழுச் சைவம், மேலே சினிமா தியேட்டரும் வைத்திருக்கிறார்கள். பையில் கெண்டல் மின்ட் கேக் ஒரு கட்டி போட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரையும் புதினா எண்ணெயும்தான். 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவே கொண்டுபோனது. எனக்கு அது பல்பொடி வாசனை அடிக்கும், ஆனால் ஏற்றத்தில் வேலை செய்கிறது.

கேள்வி: போனில் மேப் இருக்கும்போது காகித மேப் எதற்கு? (துபாய் வாசகர்)

பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடையாது, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், மழையில் டச் ஸ்க்ரீன் விரலுக்கு அடங்காது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை மேப், ஓ.எல்.4 முதல் ஓ.எல்.7 வரை நான்கும் சேர்ந்தால் லேக் டிஸ்ட்ரிக்ட் முழுக்க. கெஸ்விக், பட்டர்மியர் பக்கம் மட்டும் என்றால் ஓ.எல்.4 ஒன்று போதும். போனிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேள்வி: கேட்பெல்ஸ், கெஸ்விக் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டோம். அடுத்தது எங்கே? நாங்கள் இரண்டு பேர்தான், நன்றாக நடப்போம். (லீட்ஸ் வாசகர்)

இரண்டு சொல்கிறேன். மேகம் தாழ்ந்திருக்கும் நாளுக்கு அல்ஸ்வாட்டர். கிளென்ரிடிங்கில் காரை விட்டுவிட்டு 1859 முதல் படகு விட்டுவருகிற ஸ்டீமரில் ஏறி ஹவ்டவுனில் இறங்கி, கிழக்குக் கரையோரமாகவே நடந்து திரும்புங்கள். 11 கிலோமீட்டர். அந்தக் கரையில் ஹவ்டவுனுக்குத் தெற்கே கார் சாலையே கிடையாது, அதனால்தான் அவ்வளவு நன்றாக இருக்கிறது. முதலில் படகு, அப்புறம் நடை. மாற்றிச் செய்தால் கடைசிப் படகுக்காக மூச்சிரைக்க ஓட வேண்டிவரும்.

தெளிந்த நாளுக்கு ஹேஸ்டாக்ஸ். பட்டர்மியர் ஏரியின் தலைமாட்டில், கேட்ஸ்கார்த் பண்ணையிலிருந்து ஸ்கார்த் கேப் வழியாக ஏற்றம். 597 மீட்டர்தான், சுற்றி நிற்கிற மலைகள் எல்லாம் அதைவிட உயரம், ஆனால் மேலே போனால் பாறை முண்டுகளும் இடையிடையே சின்னச் சின்னச் சுனைகளுமாக ஒரு தனி உலகம், ஒரு மணி நேரம் சுற்றினாலும் பார்த்து முடியாது. வெய்ன்ரைட்டுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான், 1991-இல் அவர் இறந்தபின் அஸ்தியை மேலே உள்ள இன்னொமினேட் டார்ன் சுனையோரத்தில்தான் தூவினார்கள். கடைசியில் கொஞ்சம் கையையும் பயன்படுத்தி ஏற வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் பட்டர்மியரையும் ஒரு சுற்று நடந்துவிடுங்கள், 7 கிலோமீட்டர், சமதளம், வடக்குக் கரையில் பாறையைக் குடைந்த சின்ன சுரங்கம் ஒன்று வரும், தலையைக் குனிந்து போங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் ஸ்கார்த் கேப்பிலிருந்து மறுபக்கம் இறங்கி எனர்டேலில் உள்ள பிளாக் செயில் விடுதியில் தங்கலாம். முன்பு ஆட்டிடையர் குடிசை, பொதுச் சாலையே இல்லாத இடம். படுக்கைகள் கொஞ்சம்தான் என்பதால் சனிக்கிழமைக்கு இடம் கிடைப்பது கஷ்டம், செவ்வாய், புதனாகப் பார்த்துக் கேளுங்கள்.